கடல்தாரகை கிளப்பின் இருபத்திரண்டு கால்கள்

தோமையார்துறையில் அம்புரோஸின் கால்களுக்கு இருபத்திநான்கு வயது திரும்பி வந்த செவ்வாய்க்கிழமையன்று கடலில் எந்த மாற்றமும் இல்லை, கரைக்கு வழக்கம்போல நெத்திலிதான் வந்திருந்தது, கோயில் மணி பத்து அடிக்க வேண்டிய நேரத்தில் பத்துதான் அடித்தது. வலது முழங்காலில் மூன்று முறை ஆபரேஷன் கத்தி பட்டு, பதினெட்டு வருடமாகக் கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்த அம்புரோஸ் மட்டும், முற்றத்தில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர், எழுந்து, கம்பை எடுக்க மறந்து, வாசலில் கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை இடது காலால் நிறுத்தி, வலது காலுக்கு மாற்றி, தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக் கோழிக்கூட்டின் திறந்த வாசலுக்குள் அடித்துவிட்டார்.

கோழிகளின் சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி பிலோமி, மடித்துக் கட்டிய சாரத்துக்குக் கீழே பார்த்தாள். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு, ஒரு நரை முடி இல்லாமல், வெயிலில் மினுங்கின. அவளுக்கு அந்தக் கால்களைத் தெரியும். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, பூசை முடியும்வரை அந்தக் கால்களைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்பம் வந்துச்சு?” என்று கேட்டாள்.

“இப்பம்தான்.”

“மேலயும் வருமா?”

அம்புரோஸ் வயிற்றைத் தடவினார், நெஞ்சைத் தடவினார், முகத்தின் சுருக்கங்களைத் தடவினார். “இல்ல பிலோமி. இடுப்போட நின்னுபோச்சு,” என்றார்.

அதே நேரத்தில், கோயிலுக்குப் பின்தெருவில், வின்சிலா என்பவள் கெட்டிக் காகிதத்தில் வரைந்த அம்புரோஸின் கால்களுக்குக் கறுப்பு மை இட்டு முடித்து, தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

வின்சிலாவுக்கு முப்பத்தைந்து வயது. மார்த்தாண்டத்தில் ஒரு அச்சகத்தில் பதினோரு வருடம் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைத்தவள். கல்யாணம், புதுமனை, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் முகத்தை வெட்டி, வெளுப்பாக்கி, மாலை போட்டு, பின்னால் அருவியோ தாஜ்மகாலோ வைத்துக் கொடுத்தவள். பேனரில் யாருக்கும் கால் கிடையாது. இடுப்புக்குக் கீழே பூவோ மேகமோ வந்து மூடிவிடும். பதினோரு வருடத்தில் பல்லாயிரம் முகங்களைத் தொட்ட அவள் ஒரு காலைக்கூடத் தொட்டதில்லை. கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் கண் ஓயாமல் நீர் வடியத் தொடங்கியதும் வேலையை விட்டு ஊருக்கு வந்தாள், தூரிகை வாங்கினாள், கையால் வரையப் பழகினாள்.

கடல்தாரகை கால்பந்து கிளப்புக்கு அது ஐம்பதாவது வருடம். எண்பத்தாறில் திருச்சியில் மாநிலக் கோப்பையை வாங்கி வந்த பதினோரு பேரையும் ஒரே படமாக வரைந்து, நல்ல காகிதத்தில் முந்நூறு பிரதி அச்சடித்து, அந்த வருடத்தின் நினைவாக வீட்டுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று கிளப்பின் செயலாளர் கிளீட்டஸ் அவளைத் தேடி வந்திருந்தார்.

“எல்லாவனும் ஓடி வரணும் பிள்ளே. சுவத்துல மாட்டினா வீட்டுக்குள்ள வந்து விழுவானோன்னு பயப்படணும். பின்னால கோயில் கோபுரம், அதுக்குப் பின்னால கடலு, நடுவுல கப்பு. ஓரத்துல ஒரு சின்ன வட்டம்.”

“வட்டத்துல யாரு?”

“செயலாளர்தான்,” என்றார் கிளீட்டஸ், கூரையைப் பார்த்தபடி.

அவர் கொண்டுவந்த பழைய குழுப்புகைப்படத்தில் பதினோரு முகங்களும் இருந்தன. கால்கள்தான் இல்லை. கிளப் சுவரில் தொங்கிய படத்தைக் கீழிருந்து ஏறிய கறையான் இடுப்புவரை தின்றுவிட்டிருந்தது. அதனால் வின்சிலா வீடு வீடாகப் போய்க் கால்களைப் பற்றி விசாரித்தாள். யாருக்குக் கெண்டை பெரியது, யாருக்குத் தழும்பு, யார் பூட்ஸ் போட்டு ஆடினார், யார் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலில் ஆடினார் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனிக் காகிதத்தில் வரைந்துகொண்டு வந்தாள். எல்லாம் முடிந்ததும் ஒன்றாகச் சேர்த்து அச்சுக்கு அனுப்பலாம் என்பது திட்டம். முதலில் வரைந்தது அம்புரோஸை.

புதன்கிழமை கோல்கீப்பர் பெர்க்மான்ஸை வரைந்தாள். கோல்கீப்பர் ஆனதால் கைகளையும் கவனமாக வரைந்தாள், அதனால் அவருக்குக் கால்களோடு கைகளும் திரும்பி வந்தன, அன்றிலிருந்து பெர்க்மான்ஸ் இருக்கும் இடத்தில் எதுவும் தரையில் விழவில்லை, தென்னையிலிருந்து விழுந்த ஓலை, பேத்தி எறிந்த தட்டு, சண்டையில் பக்கத்து வீட்டுக்காரன் வீசிய செங்கல் எல்லாவற்றையும் அவர் பாய்ந்து பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வியாழக்கிழமை டைட்டஸ். தடுப்பாட்டக்காரர். பக்கவாதம் வந்து எட்டு வருடமாகக் கட்டிலில் கிடந்தவர், மை காய்ந்த பொழுதில் எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தெருமுனைக்குப் போய்க் கடையில் நின்று ஒரு டீ குடித்தார். நின்றுகொண்டே குடித்தார். பிறகு இன்னொரு டீ குடித்தார்.

இப்படி இரண்டு வாரத்தில் உயிரோடு இருந்த ஏழு பேருக்கும் கால்கள் வந்துவிட்டன. வந்த கால்கள் சும்மா இருக்கவில்லை.

அவை ஓடப் பிறந்த கால்கள், ஓடும்படி வரையப்பட்ட கால்கள், ஆகையால் விடியும்முன் அவை அந்தக் கிழவர்களைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கரைக்கு இழுத்துப் போயின, காய்ந்துகொண்டிருந்த கருவாட்டின் ஊடாக ஓடின, படகுகளைச் சுற்றி ஓடின, நண்டையும் பனங்கொட்டையையும் தொப்பியையும் தட்டிக்கொண்டு ஓடின, ஊரும் அதற்கேற்ப ஒதுங்கிக் கொடுத்தது. டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர் அடுக்கை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்தார். கருவாடு காயப்போடும் பெண்கள் நடுவில் இரண்டு முழம் வழி விட்டுப் பாய் விரித்தார்கள். கிளப்பின் வீரர்கள் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்கார வேண்டும் என்றும், பிரசங்கத்தின் நடுவே அவர்கள் எழுந்து ஓடினால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றும் பங்குச்சாமி அறிவித்தார். மனைவிமார் அன்பிய ஜெபக் கூட்டத்தில் கூடிப் பேசி, பழைய சேலையை முறுக்கிக் கணுக்காலைக் கட்டிலோடு கட்டினால் நாலு மணிவரை தூங்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். இது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு நடக்கும் என்றுதான் கேட்டார்கள்.

இறந்துபோயிருந்த மூவரையும் வின்சிலா வரைந்தாள். வரையும்முன் உபதேசியாரிடம் சொன்னாள். அவர் கல்லறைத் தோட்டத்தில் போய் நின்றார். மணல் ஒரு பொடிகூட அசையவில்லை. அவர்களில் ஒருவரான சூசையின் மனைவி, கல்லறைத் தலைமாட்டில் ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுபோய் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அவளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இறந்தவர்களின் கால் வராது என்று ஊருக்குத் தெரிந்தது.

திருவிழாவில் பக்கத்து ஊர் இளவட்டங்களோடு ஒரு ஆட்டம் வைக்க வேண்டும் என்று கிளீட்டஸ் முடிவு செய்து நோட்டீஸ் அடித்த வாரத்தில்தான் அம்புரோஸ் விழுந்தார்.

அன்று காலை அவருடைய கால்கள் அவரைக் கரையோடு பதினோரு கிலோமீட்டர் கொண்டுபோய்ப் பதினோரு கிலோமீட்டர் திருப்பிக் கொண்டுவந்தன. கோயில் படிக்கட்டில் சாய்ந்தவருக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. மல்லாந்து கிடந்தபோதும் கால்கள் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. நாலு பேர் அமுக்கிப் பிடித்தும் அடங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். “காலுக்கு இருபத்திநாலு, நெஞ்சுக்கு அறுபத்திமூணு. ரெண்டும் ரொம்ப நாள் ஒரே வீட்டுல குடியிருக்க முடியாது,” என்றார்.

பிலோமி நேராக வின்சிலாவின் வீட்டுக்குப் போனாள். சுவரெல்லாம் ஓடுகிற மனிதர்கள் ஒட்டப்பட்டிருந்தார்கள்.

“அவர உக்கார வை பிள்ளே,” என்றாள்.

“அக்கா, கிளீட்டஸ் மாமா...”

“கிளீட்டஸுக்கு என்ன, அவரு வட்டத்துக்குள்ள உக்காந்திருவாரு. நீ முந்நூறு படம் அடிக்கப் போறியாமே? ஒரு படத்துக்கே மனுசன் இப்பிடிக் கெடக்கியாரு. முந்நூறுக்கும் ஓடினா நெஞ்சு தாங்குமா? சொல்லு.”

வின்சிலா அம்புரோஸின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துக் கிழித்தாள். புதுக் காகிதத்தில், இடைவேளையில் புல்தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, ஒரு காலுறை மட்டும் கணுக்கால்வரை சரிந்து கிடக்க, ஆரஞ்சுச் சுளை ஒன்றைக் கடிக்கும் அம்புரோஸை வரைந்தாள். அவசரத்தில் ஆரஞ்சு கொஞ்சம் கோணலாக வந்தது. கால்களுக்கு மை இட்ட அந்த நொடியில், படிக்கட்டில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் தளர்ந்தன. அம்புரோஸ் குறட்டை விட்டார். கால்கள் இளமை மாறாமல் அப்படியே இருந்தன, ஆனால் அடங்கிக் கிடந்தன.

கிளீட்டஸ் வந்து கத்தினார். “எடவேளைய எவன் பிள்ளே படமா மாட்டுவான்? ஓடி அடிச்சவனுவள ஆரஞ்சு தின்ன வச்சிருக்க! ஆட்டத்துக்கு எனக்கு ஆளு வேண்டாமா?”

அவர் போன பிறகு டைட்டஸ் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வந்து, உட்காராமல் நின்றார். வார்த்தை இன்னும் ஒரு பக்கமாகக் குழறியது.

“நீ எல்லாரையும் உக்காத்தப் போறேன்னு சொல்லுதாங்க. என்ன மட்டும் உக்காத்திராத மோளே. எட்டு வருசம் நான் வேற ஒண்ணும் செய்யல.”

ஒருத்திக்குக் கணவர் உட்கார வேண்டும், ஒருத்தருக்கு நிற்க வேண்டும், செயலாளருக்கு எல்லோரும் ஓட வேண்டும். வின்சிலா காகிதங்களைச் சுவரில் இடம் மாற்றி ஒட்டினாள், பிய்த்தாள், மறுபடி ஒட்டினாள். தூரிகையை எடுத்தால் யாருடைய காலோ தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. பதினோராவது ஆள் இன்னும் வரையப்படவில்லை. அந்த இடத்தை விட்டு அவள் கண் விலகிக்கொண்டே இருந்தது.

பதினோராவது ஆள் ஸ்டெல்லஸ். நடு முன்னாட்டக்காரர், எண்பத்தாறின் இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போட்டவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ரத்னகிரி துறைமுகத்துக்கு விசைப்படகு வேலைக்குப் போனார். புயலில் படகு முழுகியது. அதில் இருந்த ஐந்து பேரில் நாலு பேரின் உடல் கிடைத்தது, ஸ்டெல்லஸின் உடல் கிடைக்கவில்லை. ஊர் அவருக்கும் சேர்த்து முப்பதாம் நாள் பூசை வைத்தது. அவர் மனைவி ரெஜினா அந்தப் பூசைக்கு வரவில்லை, தாலியைக் கழற்றவில்லை, மறுநாள் காலை கூடையைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனுக்கு மீன் விற்கப் போனாள். வடக்கே வேலைக்குப் போய் வந்தவர்களில் ஒருவன், ரத்னகிரியில் ஐஸ் உடைக்கிற இடத்தில் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன், அது அவர் இல்லை என்றான். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், மகளையும் குளச்சலில் கட்டிக்கொடுத்து, ரெஜினா பன்னிரண்டு வருடம் வாழ்ந்தாள்.

அம்புரோஸின் கால்கள் அடங்கிய மறுநாள், வெறும் கூடையோடு அவள் வின்சிலாவின் வாசலில் வந்து நின்றாள்.

“எங்க வீட்டு ஆளுக்க கால வரைஞ்சாச்சா?”

“இல்லக்கா.”

“என்னதுக்கு?”

“பயமாருக்கு.”

“எனக்கும்தான் பயம்.” ரெஜினா கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். “செத்தவனுக்க காலு அனங்கல. உசுரோட உள்ளவனுக்க காலு நீ வரைஞ்சபடி கேக்குது. ஊரப் பாத்து ஓடுத மாதிரி அவர வரை. இருந்தா வருவாரு. வரலேன்னா இல்ல. அம்புட்டுதான.”

“வந்தா என்னக்கா செய்வீங்க?”

“அது வந்தப்பறம். தெரியாம இருந்தது போதும் பிள்ளே, எனக்கு அறுபது ஆச்சு.”

பிறகு அவள் அந்தக் கால்களைச் சொல்ல ஆரம்பித்தாள், எந்த மீனில் எங்கே முள் இருக்கும் என்று சொல்வதைப் போல நிதானமாக, ஒன்றும் விடாமல். வலது கால் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும். சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி நிற்கும். முட்டிக்குக் கீழே நங்கூரம் கிழித்த தழும்பு, பாதி நிலவு மாதிரி. ஓடும்போது இடது குதிகால் தரையைத் தொடவே தொடாது. வின்சிலா வரைய வரைய, “இன்னும் மெலிசு,” “இல்ல, அங்க முடி கிடையாது,” என்று திருத்தினாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மை இட்டு முடிந்தது. ரெஜினா படத்தைப் பார்த்தாள். “ஆமா, இதுதான்,” என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஊர் காத்திருந்தது. அந்த நாட்களில் தோமையார்துறையில் யார் வீட்டை விட்டு வெளியே வந்தாலும் முதலில் வடமேற்கே கரை வளைகிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேறெதையும் பார்த்தார்கள், பல் தேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்று தேய்த்தார்கள், வலை இழுக்கிறவர்கள் இழுக்கிற மூச்சில் கழுத்தைத் திருப்பினார்கள், பூசையில் கண்ணை மூட வேண்டிய இடத்தில்கூடச் சிலர் ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தார்கள். ரெஜினா மட்டும் எந்தப் பக்கமும் பார்க்காமல் மீன் விற்றாள். ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. மூன்றாவது வாரம் ஊர் மெதுவாகக் கழுத்தை நேராக்கிக்கொண்டது. பங்குச்சாமி அவள் வீட்டுக்குப் போய், ஒரு பூசை வைக்கலாமா என்று கேட்டார். “திருவிழா முடியட்டு சாமி,” என்றாள்.

இருபத்தாறாம் நாள் திருவிழா ஆட்டம். வெயில் தாழ்ந்த நேரம், கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் மைதானம், சுற்றிலும் மூன்று ஊர்ச் சனம். ஆறு கிழவர்களும், ஆள் குறைந்ததற்கு ஊரிலேயே எடுத்த ஐந்து பையன்களும் ஒரு பக்கம். பக்கத்து ஊர் இளவட்டங்கள் மறுபக்கம். நரைத்த தலைகளுக்குக் கீழே அந்தக் கால்கள் பறந்தன. பெர்க்மான்ஸ் பந்தோடு சேர்த்து யாரோ வீசிய பலூனையும் பிடித்தார். ஆனால் மூச்சு, மூச்சுதான் எல்லோருக்கும் நெஞ்சின் வாசலில் நின்றது. இரண்டாம் பாதியில் ஒன்றுக்கு ஒன்று.

எல்லைக் கோட்டருகே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்புரோஸ்தான் முதலில் பார்த்தார். வடமேற்கே, அலை நனைக்கிற கோட்டிலேயே, ஒரு ஆள் ஓடி வந்துகொண்டிருந்தான். தாடி நெஞ்சுவரை. சட்டை நார் நாராக. தலை தொங்கிக் கிடக்க, கைகள் துவண்டு ஆட, இடுப்புக்கு மேலே ஒரு பிணம் போலவும் இடுப்புக்குக் கீழே ஒரு குதிரை போலவும் வந்தான்.

“இடது குதிகாலப் பாரு,” என்றார் அம்புரோஸ். “தரையத் தொடல்ல. எனக்க மாதாவே, அது ஸ்டெல்லஸ்!”

ஸ்டெல்லஸ் கூட்டத்துக்குள் ஓடி வந்தார், கூட்டம் பிளந்தது, ரெஜினாவுக்கு ஒரு முழம் தள்ளி அவளைத் தாண்டி ஓடினார், மைதானத்துக்குள் நுழைந்தார், அந்த நேரம் மூலையிலிருந்து வந்த பந்து அவர் காலைத் தேடி வந்தது போல வந்தது, அடித்தார். வலை குலுங்கியது. கிளீட்டஸ் தன்னை மறந்து சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். ஆனால் அடித்தவர் நிற்கவில்லை. கோலுக்குப் பின்னால் வளைந்து, மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. நடுவர் விசில் அடித்து ஆட்டத்தை முடித்தார், எல்லோரும் கோட்டை ஒட்டி நின்றார்கள், அவர் ஓடிக்கொண்டிருந்தார், அருகில் வரும்போது கேட்பதும் அடுத்த சுற்றில் பதில் வாங்குவதுமாக ஊர் அவரை விசாரித்தது.

“எங்கலே இருந்த?” என்று பெர்க்மான்ஸ் கேட்டார்.

“ரத்னகிரி,” என்றது அடுத்த சுற்று.

“படகு முழுகுனப்ப?”

“நீந்திக் கரையேறினேன். ஒரு மாசம் ஆஸ்பத்திரி.”

“ஏன் வரல?”

இந்தப் பதில் இரண்டு சுற்றுக்குப் பிறகுதான் வந்தது. “நாலு பேரு செத்த படகுல இருந்து நான் மட்டும் எப்பிடி வாறது? ஒரு மாசம் பிந்துனா ஏதாவது சொல்லலாம்... ஒரு வருசம் பிந்துனா என்ன சொல்லுவேன்?”

“அங்க யாரு இருக்கா?” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

அவர் கண்ணிலிருந்து நீர் காற்றில் பின்னோக்கிப் பறந்தது. “ஒருத்தி இருக்கா. ஒன்பது வயசுல ஒரு பெண்பிள்ள. பள்ளிக்கூட வாசல்ல அவள விட்டுட்டுத் திரும்பினேன், அப்பமே காலு என்ன இழுத்துட்டு வந்துட்டு. சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். இருபத்தாறு நாளாச்சு.”

வின்சிலா வீட்டை நோக்கி ஓடப் பார்த்தாள், அவரை உட்கார வைத்து வரைந்துவிட. ரெஜினா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இரு. நான் இன்னும் கேக்கல்ல.”

ரெஜினா கோட்டுக்கு வந்து நின்றாள். ஸ்டெல்லஸ் அவளை நெருங்கும்போது தலையைக் கஷ்டப்பட்டு நிமிர்த்தினார்.

“நீயா வந்தியா? காலு கொண்டாந்துச்சா?”

அவர் கடந்து போனார். கோலுக்குப் பின்னால் வளைந்தார். கடல் பக்கம் ஓடும்போது அவர் முகம் தெரியவில்லை. பொய் சொல்ல அவருக்கு ஒரு முழுச் சுற்று இருந்தது. ஊர் மொத்தமும் அவர் பொய் சொல்ல வேண்டும் என்று அந்த ஒரு சுற்றும் வேண்டிக்கொண்டது.

“காலுதான், ரெஜினா,” என்றார்.

அவள் தலையசைத்தாள். மீன் எடை சரியாக இருக்கிறது என்று சொல்வது போன்ற தலையசைப்பு. “வா வின்சிலா,” என்று நடந்தாள்.

வின்சிலாவின் வீட்டில், ஓடுகிறவர்களுக்கு நடுவில், ரெஜினா புதுக் காகிதத்தைத் தானே எடுத்து மேசையில் வைத்தாள்.

“வடக்கப் பாத்து வரை. ஓட வேண்டாம், நடக்கட்டு.”

“அக்கா, உக்காத்தி வரைஞ்சா இங்கயே இருப்பாரு. இனி எங்கயும் போக மாட்டாரு. நான் வரைஞ்சு தாறேன்.”

“இருப்பாரு. தெரியும்.” அவள் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “பன்னிரண்டு வருசம் நான் ஆளுக்குக் காத்திருந்தேன் பிள்ளே. வந்தது காலுதான, ஆளு வரலியே. காலக் கட்டிப்போட்டு வச்சுக்கிட்டு, அந்த மொகத்த நான் தெனமும் பாக்கணுமா? அங்க ஒரு பிள்ள வாசல்ல நிக்குது. வரை.”

வின்சிலா அழுதுகொண்டே வரைந்தாள். ரெஜினா அழவில்லை, “அந்தத் தழும்ப விட்டுட்ட,” என்று மட்டும் ஒரு முறை சொன்னாள். இடைவேளையில் மற்றவர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து, முதுகைக் காட்டி, படத்தின் ஓரத்தை நோக்கி நடக்கும் ஒரு மனிதன். மை இட்டதும், மைதானத்தில் ஸ்டெல்லஸின் ஓட்டம் நடையானது.

அந்த ஒரு மனிதன் போட்ட வழியில் மொத்தப் படமும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டத்தின் இடைவேளை. அம்புரோஸ் ஆரஞ்சோடு இருந்தார். பெர்க்மான்ஸை மடியில் கைகோத்து உட்கார வைத்தாள். மற்றவர்களைச் சாய்த்தாள், ஒருவரைத் துண்டு விரித்துப் படுக்கவே வைத்தாள். டைட்டஸை நிற்க வைத்தாள், கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு, எந்த அவசரமும் இல்லாமல். இறந்துபோன மூவரை மட்டும், பின்னால் கடலோரமாக, முதலில் வரைந்தபடியே ஓடவிட்டாள். அவர்களுக்கு மூச்சு முட்டாது. ஓரத்து வட்டத்தில் கிளீட்டஸின் முகத்தையும் வைத்தாள். வட்டத்துக்குள் கால் இல்லாததால் அவருக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. அவர் படத்தை மூலை மூலையாகத் தேடிவிட்டு, “கப்ப எங்க?” என்று கேட்டார். அது டைட்டஸின் காலடியில், பாதி மணலுக்குள் கிடந்தது. “இருக்கட்டு,” என்றார்.

ராத்திரி முழுதும் மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு, மறுநாள் காலை ஸ்டெல்லஸ் வடக்கே கிளம்பினார். நடையிலேயே தாடியை மழித்து, கிளப்பிலிருந்து கொடுத்த புதுச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார அந்தக் கால்கள் சம்மதிக்கவில்லை, நடக்கத்தான் சம்மதித்தன. ஊர் எல்லைப் பாலம்வரை ரெஜினா கூடவே நடந்தாள். ஊர் இருபதடி பின்னால் வந்தது, அதனால் அவர்கள் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

“என்னய வெட்டிப் போடணும்னு தோணலியா?” என்று அவர் கேட்டார்.

“நேத்து தோணிச்சு,” என்றாள். “பிள்ளைக்க பேரு என்ன?”

“மெர்சி.”

அவள் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். “நெத்திலிக் கருவாடு. தலை கிள்ளித்தான் இருக்கு. மழையில நனைச்சிராத.”

பாலத்தின் நடுவில் கழுத்துச் சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றி, அதில் கோத்திருந்த தாலியை மட்டும் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள். கால்கள் அவருக்காக நிற்கவில்லை. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்து போனார். அவள் ஒரு முறையும் கையசைக்கவில்லை, ஆனால் அவர் மறையும்வரை நின்றாள்.

முந்நூறு படங்களும் அச்சாகி வந்து வீடு வீடாகச் சுவரேறின. யாரும் ஓடவில்லை. டைட்டஸ் மாலையில் நிதானமாக நடந்து போய் டீ குடித்தார். பிலோமி தன் கணவரின் கால்களுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள், வெட்கப்படாமல் பார்த்துக்கொண்டே.

ரெஜினா தன் படத்தை வாங்கி, கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு, ஜங்ஷனுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினாள். திடீரென்று அவர் வந்து நின்றால் கதவு திறந்திருக்க வேண்டுமே என்று அந்த வீடு பன்னிரண்டு வருடம் பூட்டப்பட்டதே இல்லை, அவளும் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, குளச்சலில் கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

“எப்பம் திரும்பி வருவ?” என்று நிறுத்தத்தில் நின்ற வின்சிலா கேட்டாள்.

“தெரியாது பிள்ளே,” என்றாள் ரெஜினா. பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலோர இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முன்சீட்டுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டாள்.